பத்து வயது ஸ்போர்ட்ஸ் கார்: ஸ்க்ராப் செய்வதா, 5 ஆண்டா, 10 ஆண்டா?

சிங்கப்பூரில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்பதாவது ஆண்டில் ஒரு தலைவலி ஆரம்பிக்கும். சிஓஇ முடியப் போகிறது. காரை ஸ்க்ராப்புக்குக் கொடுத்துவிட்டு பார்ஃப் பணத்தை வாங்கிக்கொள்வதா, 5 ஆண்டுக்குப் புதுப்பிப்பதா, 10 ஆண்டுக்கே புதுப்பிப்பதா? 2016 வாக்கில் மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கிய பலர் இப்போது இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். "எதுண்ணே லாபம்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் உட்கார்ந்து கணக்குப் போட்டு எழுதுகிறேன்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். இங்கே கார் வாங்க, காரின் விலைக்கு மேல் வாகன உரிமைச் சான்றிதழும் ஏலத்தில் எடுக்க வேண்டும். அதுதான் சிஓஇ. அதன் ஆயுள் 10 ஆண்டு. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பி பிரிவில் அது 150,001 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை போனது. காரைவிட அந்தக் காகிதம் விலை அதிகம் என்பது இங்கே சாதாரணம். பத்தாண்டு முடியும் முன் காரைப் பதிவுநீக்கம் செய்தால், முதலில் கட்டிய ஏஆர்எஃப் என்ற கூடுதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்கு திரும்ப வரும். அது பார்ஃப்.

## எதை வைத்து முடிவு செய்வது

நான் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன். முதலாவது, காரின் உடம்பு இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும். இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத செலவையும் சேர்த்து ஆண்டுக்கு எவ்வளவு ஆகிறது. மூன்றாவது, நடுவில் விலக நினைத்தால் எவ்வளவு பணம் திரும்ப வரும். நான்காவது, உங்கள் வாழ்க்கையில் அடுத்த ஐந்தாறு ஆண்டில் என்ன நடக்கப் போகிறது. பெரும்பாலானோர் இரண்டாவதை மட்டும், அதிலும் பாதியை மட்டும் பார்க்கிறார்கள்.

## காரின் உடம்பு

இதில்தான் தொடங்க வேண்டும். உடம்பு சரியில்லாத காருக்கு சிஓஇ கணக்கே தேவையில்லை.

எம்எக்ஸ்-5 இந்த விஷயத்தில் கொடுத்துவைத்த கார். டர்போ கிடையாது. டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். எடை ஒரு டன்னை ஒட்டித்தான் இருக்கும் என்பதால் பிரேக்கும் டயரும் சீக்கிரம் தேய்வதில்லை. 1989-லிருந்து தொடர்ந்து வருகிற கார், 2016-ல் பத்து லட்சமாவது வண்டி வெளியே வந்தது. அதனால் உதிரிபாகத்துக்கு இன்னும் பல ஆண்டு பஞ்சம் வராது. ஆனாலும் மூன்று இடங்களைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு வெள்ளிகூடக் கட்ட வேண்டாம்.

முதல் இடம், துணிக் கூரையின் வடிகால். இருக்கைக்குப் பின்னால், கூரை உடம்போடு சேரும் இரண்டு மூலைகளிலும் ஒரு துளை இருக்கும். கூரையில் விழும் மழை அதில் இறங்கி, குழாய் வழியாகக் காருக்கு அடியில் போய்விட வேண்டும். நம் சாலையோரமெல்லாம் தூங்குமூஞ்சி மரம். அதன் பொடி இலைகள் கூரையின் மடிப்பில் சேர்ந்து, நனைந்து, மக்கி, டீத்தூள் சக்கை மாதிரி ஆகித் துளையை அடைத்துக்கொள்ளும். போக வழியில்லாத தண்ணீர் உள்ளே திரும்பிவிடும். கூரையைப் பாதி திறந்து, ஒரு குவளைத் தண்ணீரை அந்த மூலையில் மெதுவாக ஊற்றுங்கள். பின்சக்கரத்துப் பக்கம் அடியில் ஒழுகினால் சரி. ஒழுகாவிட்டால் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் கார்பெட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். ஈரமோ புளித்த வாடையோ இருந்தால், கதவுக்குக் கீழே உள்ள வெற்றுப் பகுதியில் தண்ணீர் நின்றிருக்க வாய்ப்பு உண்டு. உள்ளிருந்து வரும் துரு வெளியே தெரிவதற்குள் காரியம் கைமீறியிருக்கும். வீவக எனும் அரசுக் குடியிருப்பின் அடுக்குமாடி நிறுத்துமிடத்தில் கூரைக்கடியிலேயே நின்ற காருக்கும், திறந்தவெளியில் மரத்தடியில் நின்ற காருக்கும் இந்த ஒரு விஷயத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இரண்டாவது, மேனுவல் கியர்பாக்ஸ். இந்தத் தலைமுறை எம்எக்ஸ்-5-ன் தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் இரண்டாம் கியர் பலவீனமானது. மாஸ்டாவே பின்னால் பலமுறை திருத்தியது. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றிப் பாருங்கள். கரகரப்போ, கியர் வெளியே தள்ளுவதோ இருந்தால் கியர்பாக்ஸ் செலவையும் புதுப்பிக்கும் செலவோடு சேர்த்துத்தான் பேச வேண்டும். ஆட்டோமேட்டிக் கியரில் இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது, ரப்பர். இன்ஜின் மவுண்ட், சஸ்பென்ஷன் புஷ், கதவு ஓர ரப்பர், டயர். நம் வெயிலும் ஈரமும் கிலோமீட்டர் பார்ப்பதில்லை. வாரம் ஒருநாள் மட்டும் ஓடிய காரின் டயர் பள்ளம் புதிதுபோல இருக்கும், ஆனால் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் ஆண்டு. ஆறேழு ஆண்டு தாண்டியிருந்தால் மழை பெய்த எக்ஸ்பிரஸ்வேயில் அதை நம்ப வேண்டாம்.

நன்றாகத் தெரிந்த வொர்க்‌ஷாப்பில் சில நூறு வெள்ளி கொடுத்து, காரைத் தூக்கி நிறுத்தி முழுச் சோதனை செய்துகொள்ளுங்கள். சின் மிங், காக்கி புக்கிட் பக்கம் இந்தக் கார்களையே பார்த்துப் பழகியவர்கள் இருக்கிறார்கள். சோதனை முடிவு கைக்கு வந்த பிறகு கணக்குக்கு வரலாம்.

## கணக்கு

புதுப்பிக்க ஏலம் எடுக்க வேண்டியதில்லை. கடந்த மூன்று மாத ஏலங்களின் சராசரி விலையைக் கட்ட வேண்டும். அதை பிகியூபி என்பார்கள். 10 ஆண்டுக்கு முழுத் தொகை, 5 ஆண்டுக்குப் பாதி. 5 ஆண்டு எடுத்தால் அதற்குமேல் புதுப்பிக்க முடியாது, 15 வயதில் கார் சாலையை விட்டுப் போக வேண்டும். 10 ஆண்டு எடுத்தால் பிறகு மறுபடியும் புதுப்பிக்கலாம். எதைப் புதுப்பித்தாலும் பார்ஃப் போய்விடும்.

ஒரு மாதிரிக்கு, 2.0 லிட்டர் எம்எக்ஸ்-5, ஓஎம்வி (வரிகள் சேரும் முன் காரின் இறக்குமதி மதிப்பு) 30,000 வெள்ளி, பிகியூபி 110,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் எண்கள் வேறாக இருக்கும், அவற்றைப் போட்டுப் பாருங்கள். 2016 விதிப்படி ஏஆர்எஃப் முதல் 20,000-க்கு 100 விழுக்காடு, அடுத்த 30,000-க்கு 140, அதற்கு மேல் 180. ஆக, 34,000 வெள்ளி கட்டியிருப்பீர்கள். ஒன்பதுக்கும் பத்துக்கும் இடைப்பட்ட வயதில் அதில் பாதி, 17,000 வெள்ளி, திரும்ப வரும். பத்து தாண்டினால் எதுவும் வராது.

சாலை வரி 1,998 சிசிக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,210 வெள்ளி. பத்து வயது தாண்டியதும் 10 விழுக்காடு கூடும், பிறகு ஆண்டுக்குப் பத்துப் பத்தாக ஏறி, பதினான்கு தாண்டியதும் 50-ல் நிற்கும். முன்பணமாக முடங்கும் தொகை ஆண்டுக்காண்டு கரைவதால், சராசரியாக அதில் பாதிக்கு இரண்டரை விழுக்காடு வட்டி இழப்பு என்று வைத்திருக்கிறேன்.

| ஆண்டுக்குச் சராசரி (வெள்ளி) | 5 ஆண்டு | 10 ஆண்டு |
|---|---|---|
| சிஓஇ | 11,000 | 11,000 |
| இழந்த பார்ஃப் | 3,400 | 1,700 |
| சாலை வரி | 1,573 | 1,694 |
| வட்டி இழப்பு | 690 | 1,375 |
| மொத்தம் | 16,663 | 15,769 |

காப்பீடு, பெட்ரோல், நிறுத்துமிடம் எல்லாம் இரண்டுக்கும் பொது, அதனால் சேர்க்கவில்லை. வித்தியாசம் ஆண்டுக்கு 900 வெள்ளிக்குள். பதினைந்து வயதுக்கு மேல் பழுதுச் செலவு கூடும் என்பதைச் சேர்த்தால் அதுவும் கரைந்துவிடும். ஆக, 5-ஆ 10-ஆ என்பதைப் பணம் தீர்மானிக்கவில்லை. "5 ஆண்டு மலிவு" என்று சொல்பவர்கள் முதலில் கட்டும் தொகையை மட்டும் பார்க்கிறார்கள், பார்ஃப் ஐந்து ஆண்டில் கரைவதைக் கணக்கில் எடுப்பதில்லை.

விலையுயர்ந்த கார்களுக்குப் படம் மாறிவிடும். ஓஎம்வி 80,000 உள்ள காருக்கு ஏஆர்எஃப் 116,000, பத்தாண்டு முடிவில் பார்ஃப் 58,000. 5 ஆண்டு புதுப்பித்தால் பார்ஃப் இழப்பு மட்டும் ஆண்டுக்கு 11,600 வெள்ளி, சிஓஇயையே மிஞ்சிவிடும். 3.4 லிட்டர் போர்ஷேயாக இருந்தால் சாலை வரியும் 3,070-ல் தொடங்கி, கூடுதல் ஏறியபின் 4,600-ஐத் தொடும். அப்படிப்பட்ட காருக்கு 5 ஆண்டு என்ற வழியை நான் பெரும்பாலும் பரிந்துரைக்க மாட்டேன். ஒன்று விடுங்கள், அல்லது பத்துக்குப் போங்கள்.

## விட்டுவிடுவது

பார்ஃபோடு, காரின் உடலுக்கு ஸ்க்ராப் யார்டோ ஏற்றுமதி செய்பவரோ தரும் தொகையும் சேர்ந்து வரும். ஸ்போர்ட்ஸ் காருக்கு அது சாதாரண செடானைவிடக் கூடுதலாகவே இருக்கும். மூன்று நான்கு இடங்களில் விலை கேளுங்கள், முதல் விலைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். பதிவுநீக்கம் செய்த ஒரு மாதத்துக்குள் காரை அழிக்கவோ ஏற்றுமதி செய்யவோ வேண்டும் என்பதால், பேரத்தை முன்னாலேயே முடித்துவிடுவது நல்லது.

இதற்கு முன் ஒரு படி இருக்கிறது, பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒன்பதரை வயதில் காரை அப்படியே விற்பனைக்குப் போடுங்கள். நல்ல மேனுவல் எம்எக்ஸ்-5 தேடி, தானே புதுப்பித்து ஓட்ட நினைப்பவர் பேப்பர் வேல்யூவுக்கு (பார்ஃபும் மீதிச் சிஓஇ பணமும் சேர்ந்த தொகைக்கு) மேல் கொடுப்பார். காரும் பிழைக்கும். சர்வீஸ் பில்கள் ஒழுங்காக இருந்தால் இது நடக்கும். நல்ல நிலையில் உள்ள ஒரு காரை நசுக்கக் கொடுப்பதற்கு முன் இரண்டு மாதம் முயன்று பார்ப்பது அந்தக் காருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை என்றே நினைக்கிறேன்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். காரை விட்டுவிட்டு அதே மாதிரி புதிதாக வாங்கலாம் என்ற எண்ணம் இருந்தால் அதன் விலை வேறு. அதே 30,000 ஓஎம்வி, அதற்கு 20 விழுக்காடு சுங்கத் தீர்வை, 9 விழுக்காடு ஜிஎஸ்டி, ஏஆர்எஃப், 110,000 சிஓஇ எல்லாம் கூட்டினால் விற்பனையாளர் லாபம் சேர்க்கும் முன்பே 183,000 வெள்ளி தாண்டுகிறது. அதற்குப் பழைய காரை வைத்திருப்பது எவ்வளவோ மேல்.

காரை விடுவது யாருக்குச் சரி? வீட்டில் இதுவே ஒரே கார், குழந்தை வரப் போகிறது என்றால் சரி. இரண்டு இருக்கையில் குழந்தை இருக்கையைப் பொருத்திவிட்டு மனைவியைப் பேருந்தில் அனுப்ப முடியாது. உடம்புச் சோதனையில் துருவோ கியர்பாக்ஸோ கைவிட்டிருந்தால் சரி. மாதத்துக்கு ஒருமுறைகூடக் கூரையைத் திறக்காதவருக்கும் சரி. அவருக்கு அந்தக் காரில் இருந்த ஆசை ஏற்கனவே முடிந்துவிட்டது.

## 5 ஆண்டு

இதன் பெரிய பலம் முதலில் கட்டும் தொகை பாதி என்பது. 55,000 வெள்ளியைக் கையிருப்பிலிருந்து எடுக்க முடியும், 110,000 என்றால் கடன்தான் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இது நிஜமான வித்தியாசம். கடன் வட்டி நான் போட்ட இரண்டரை விழுக்காட்டைவிட அதிகம், அதனால் மேலே உள்ள கணக்கு 5 ஆண்டின் பக்கம் சாயும்.

மறைந்திருக்கும் செலவு வேறொன்று. முடிவுத் தேதி எழுதிவைத்த காருக்கு மனம் செலவு செய்யாது. மூன்றாம் ஆண்டில் ஷாக் அப்சார்பர் கசிந்தால், "இன்னும் இரண்டு வருஷம்தானே" என்று தோன்றும். ஏசி கம்ப்ரஸர் போனால் சண்டை போட்டுப் பழையதைத் தேடுவோம். கடைசி இரண்டு ஆண்டில் கார் மெல்ல மெல்லச் சுகமில்லாமல் ஓடும், அதற்கும் நீங்கள் ஆண்டுக்கு 16,000 வெள்ளிக்கு மேல் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். நடுவில் விற்பதும் கடினம். புதுப்பிக்க முடியாத காரை வாங்க வருபவர் மீதிச் சிஓஇக்கு மேல் அதிகம் தர மாட்டார்.

முடிவுத் தேதி உங்களிடமே இருந்தால் இதுதான் பொருத்தம். நான்கைந்து ஆண்டில் ஊருக்குத் திரும்புவது உறுதி, அல்லது ஓய்வு பெற்றதும் காரே வேண்டாம் என்று முடிவெடுத்தாயிற்று, அல்லது பிள்ளை பல்கலைக்கழகம் போகும்போது பணம் வேறு பக்கம் போக வேண்டும். அப்படித் தெரிந்தவர்கள் தயங்காமல் 5 எடுக்கலாம். உங்களுக்கும் காருக்கும் ஒரே நாளில் கணக்கு முடியும்.

## 10 ஆண்டு

இதைப் பார்த்துப் பயப்படுபவர்கள், பத்தாண்டுக்கு மாட்டிக்கொள்வோம் என்று நினைக்கிறார்கள். அப்படி மாட்டுவதில்லை. புதுப்பித்த சிஓஇயில் பயன்படுத்தாத மாதங்களுக்கான பணம், பதிவுநீக்கம் செய்யும்போது நீங்கள் கட்டிய விலையின் விகிதப்படி திரும்ப வரும். 110,000 கட்டி ஐந்தாம் ஆண்டு முடிவில் விலகினால் 55,000 கைக்கு வரும். 5 ஆண்டு எடுத்தவருக்கு ஆன அதே சிஓஇ செலவுதான். கூடுதலாக இழந்தது, அந்த 55,000 ஐந்து ஆண்டு முடங்கியதற்கான வட்டி, ஏறக்குறைய 6,875 வெள்ளி.

அந்த 6,875-க்கு என்ன கிடைக்கிறது? 15 வயதில் "போதும்" என்றோ "இன்னும் ஓட்டலாம்" என்றோ சொல்லும் உரிமை. இன்னும் ஐந்து ஆண்டு சிஓஇயோடு காரை வேறொருவருக்கு விற்கும் வாய்ப்பு. நல்ல ஷாக் அப்சார்பரும் புது டயரும் துணிந்து போடும் மனம். என் பார்வையில் இந்தக் காரை உண்மையாகவே நேசிப்பவருக்கு அது மலிவு.

குறைகளும் உண்டு. பதினைந்துக்கு மேல் துணிக் கூரை ஒருமுறை மாற்ற வேண்டி வரும், ஏசி ஒருமுறை பெரிய வேலை வைக்கும், நேரடி எரிபொருள் இன்ஜின் என்பதால் வால்வில் படியும் கரியைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். ஆண்டுக்கு 3,000 வெள்ளி தனியாக எடுத்து வைக்கச் சொல்வேன். செலவில்லாத ஆண்டில் அந்தப் பணத்தைத் தொடாமல் விட்டால், செலவு வரும் ஆண்டில் கார் வேண்டாம் என்ற கோபமான முடிவு வராது. எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாருவில் வேலைக்கூலி குறைவுதான், ஆயில், டயர் போன்றவற்றுக்குப் போகலாம். கியர்பாக்ஸ் மாதிரி பெரிய வேலையை அங்கே கொடுத்தால், சரியில்லை என்று திரும்பப் போவதற்குள் லீவு எல்லாம் தீர்ந்துவிடும்.

வீட்டில் இன்னொரு கார் இருப்பவர்கள், அல்லது எம்ஆர்டி ரயிலே அன்றாடத்துக்குப் போதும் என்பவர்கள், ஞாயிறு காலை மண்டாய் பக்கம் ஓட்டுவதற்காகவும் ஆண்டுக்கு ஓரிரு முறை வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் மலேசியா போவதற்காகவும் காரை வைத்திருப்பவர்கள், அடுத்து வாங்க ஆசைப்படும் கார் எதுவுமே இல்லாதவர்கள் — இவர்களுக்கு 10 ஆண்டு.

## முடிவெடுத்த பிறகு

சிஓஇ முடிவதற்கு நான்கைந்து மாதம் முன்பிருந்தே ஏலத்தைக் கவனியுங்கள். பிகியூபி மூன்று மாதச் சராசரி என்பதால் ஏலம் இறங்கினாலும் அது மெதுவாகத்தான் இறங்கும், ஏறினாலும் மெதுவாகத்தான் ஏறும். அடுத்த மாத விலை முன்கூட்டியே தெரிந்துவிடும், அதனால் அவசரப்பட வேண்டியதில்லை.

காப்பீட்டு நிறுவனத்தை அதற்கும் முன்னாலேயே கூப்பிடுங்கள். பத்து தாண்டிய காருக்கு முழுக் காப்பீடு தரச் சில நிறுவனங்கள் தயங்கும். கொடுப்பவரிடம், விபத்தில் கார் முழுதாகப் போனால் தரும் சந்தை மதிப்பில் நீங்கள் புதிதாகக் கட்டிய சிஓஇயும் சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 110,000 வெள்ளி கட்டிய மறுமாதம் அந்தக் கேள்வி எழக்கூடாது.

அப்புறம், இதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இருந்த வாகனச் சோதனை இனி ஆண்டுதோறும். எக்ஸாஸ்ட், சஸ்பென்ஷன் மாற்றியிருந்தால் காரோடு வந்த அசல் பாகங்கள் எங்கே இருக்கின்றன என்று இப்போதே தேடி எடுத்து வையுங்கள். அனுமதி இல்லாத எக்ஸாஸ்டோடு சோதனைக்குப் போய்த் திரும்பி வந்தால், புதுப்பித்த முதல் மாதமே வீண் அலைச்சல்.